வன்னிக் கடலில் மீன் ஏன் குறைகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் பெருநிலக் கரைகளில் தொழில் செய்பவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்துபோகிற உறவுகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிப்பேர் "எல்லாம் இந்தியன் றோலரால் (இழுவைப் படகால்) வந்த வினை" என்கிறார்கள். மறுபாதி "காலநிலை மாறிப்போச்சு, நாங்கள் என்ன செய்யிறது" என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வன்னிக் கடல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வன்னிக்கு இரண்டு கடல். கிழக்கே கொக்கிளாயில் தொடங்கி, கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவு நகரம், கள்ளப்பாடு, மாத்தளன், சாலை என்று சுண்டிக்குளம் வரை போகிற கரை ஒன்று. அங்கே வங்காள விரிகுடா நேராக வந்து அடிக்கும். மேற்கே பூநகரி, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா, விடத்தல்தீவு என்று மன்னார் நோக்கி இறங்குகிற கரை மற்றது. அது பாக்கு நீரிணைப் பக்கம். ஆழமில்லாத, சேறும் கடற்புல்லும் நிறைந்த கடல்.

இரண்டுக்கும் காலம் வேறு. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற மாதங்களில் மேற்குக் கரை குழம்பிக் கிடக்கும், கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் முல்லைத்தீவுக் கடலில் படகு இறக்க முடியாது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் சோளகத்தில் நாயாறு, கொக்கிளாயில் வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவதற்கும் இந்தக் காற்றுத்தான் காரணம்.

இவற்றோடு களப்புகளையும் (கடலோரத்து உப்பங்கழிகளையும்) சேர்க்க வேண்டும்: கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சாலை, சுண்டிக்குளம். என்னுடைய பார்வையில் வன்னிக் கடற்றொழிலின் உயிர் இந்தக் களப்புகளில்தான் இருக்கிறது. கீழே அதிகம் எழுதியிருப்பதும் அவற்றைப் பற்றியே.

மீன் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, அல்லது ஆட்கள் கூடியதால் பங்கு குறைந்ததா?

இரண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறிய ஒவ்வொரு ஊரிலும் பிளாஸ்டிக் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வலையும் வந்து சேர்ந்தன. உதவியாகக் கிடைத்தவை சில, கடனுக்கு வாங்கியவை பல. அதே காலத்தில் தெற்கிலிருந்து வந்த வாடிகளும் பெருகின. ஒரே பாடு (வலை போடுகிற இடம்), ஒரே களப்பு. வலைகள் பல மடங்கு.

இன்னொன்றும் உண்டு. 1983 முதல் 2009 வரை எங்கள் கரையில் பிடிபாட்டுக் கணக்கை ஒழுங்காக எடுத்து வைக்கிற நிலைமை இருக்கவில்லை. கடல் வலயத் தடை, இடப்பெயர்வு, எரிபொருள் தடை எல்லாம் சேர்ந்து உள்ளூர் வலை கடலில் விழுவதையே குறைத்திருந்தன. அதனால் மீள்குடியேறிய முதல் வருடங்களின் பிடிபாட்டை "வழமை" என்று எடுத்துக்கொண்டு இன்றைய குறைவை அளந்தால் கணக்குப் பிழைக்கும். அந்தக் கால் நூற்றாண்டுக்கு வயதானவர்களின் நினைவுதான் பதிவேடு. எந்த மாதம் எந்தப் பாட்டில் சூடை வரும், அறக்குளா எத்தனை பாகம் ஆழத்தில் நிற்கும் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுதினால் பெரிய காரியம்.

காலநிலை மாற்றம் எங்கள் கடலில் எப்படித் தெரிகிறது?

முதலில் சூடு. வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு நீர் 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்குவது. தண்ணீர் ஒரு பாகை ஏறினால் அதன் மூச்சு, பசி, முட்டையிடும் காலம் எல்லாம் மாறும். மேல்நீர் சூடேறும்போது கீழேயுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரோடு அது கலப்பதும் குறையும். மேலே மிதக்கிற நுண்ணுயிர்களுக்கு உணவு குறையும், அவற்றைத் தின்கிற சூடை, சாளை, நெத்தலி குறையும், அவற்றைத் துரத்தி வருகிற பாரையும் அறக்குளாவும் வேறு பக்கம் போகும், அல்லது ஆழத்துக்கு இறங்கும்.

அடுத்தது காற்று. தொழிலாளி கலண்டர் பார்த்துக் கடலுக்குப் போவதில்லை, காற்றைப் பார்த்துத்தான் போகிறார். வாடை பிந்துகிறது, சோளகம் இடையில் அறுகிறது, தாழமுக்கம் எந்த மாதத்திலும் உருவாகிறது. "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்துக்கு வருமானமில்லாத நாள். மீன் குறைந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இழந்த நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடல்மட்டமும் உயர்கிறது. செய்மதியால் அளக்கத் தொடங்கிய 1993இலிருந்து உலகச் சராசரியாக ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். தட்டையான வன்னிக் கரையில் அது நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறுவதிலும், கரைவலை இழுக்கிற மணல் குறுகுவதிலும் தெரியும்.

நந்திக்கடலில் மீன் ஏன் கூட்டமாகச் செத்து ஒதுங்குகிறது?

கடும் கோடையில் களப்பு வற்றி, பல இடங்களில் முழங்காலளவு தண்ணீர்தான் நிற்கும். அதில் வெயில் பகல் முழுக்க அடிக்கிறது. 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 35 பாகையில் அது 6க்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர் ஆவியாகி உப்புக் கூடக் கூட இன்னும் குறையும். ஒட்சிசன் குறைகிற அதே நேரம், சூட்டினால் மீனுக்கு அதிக ஒட்சிசன் தேவைப்படுகிறது.

இரவில் நிலைமை மோசம். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஒட்சிசன் விடுகின்றன, இருட்டியதும் அவையும் அதையே எடுக்கத் தொடங்குகின்றன. அடியில் அழுகிக் கிடக்கிற சேறும் எடுக்கிறது. லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. அதனால்தான் சாவு விடியற்காலையில் தெரிகிறது. மணலை, திரளி, காரல் எல்லாம் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி நீட்டித் திறக்கும், பிறகு பக்கம் சாய்ந்து மிதக்கும். வெயில் ஏறுவதற்குள் வட்டுவாகல் பாலத்தடி முழுக்க வெள்ளைக் கோடாக ஒதுங்கியிருக்கும். அந்த நாற்றம் வற்றாப்பளை வரை வரும்.

உடனே "யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள்" என்று கதை கிளம்பும். நஞ்சென்றால் பெரும்பாலும் சின்னது பெரியது பாராமல் சாகும், பல வேளைகளில் நண்டும் இறாலும் சேர்ந்து சாகும், நாளின் எந்த நேரத்திலும் சாகும். விடியப்புறத்தில், வற்றிய இடத்தில், காற்றில்லாத சூடான நாட்களுக்குப் பிறகு என்றால் மூச்சடைப்புத்தான் முதல் சந்தேகம். நெடுங்கோடைக்குப் பின் திடீரென்று பெய்கிற மழையும் இதைச் செய்யும்: வயலிலும் வாய்க்காலிலும் கிடந்த கழிவை எல்லாம் ஒரேயடியாகக் களப்புக்குள் தள்ளி, அது அழுகும்போது மிச்ச ஒட்சிசனையும் தின்றுவிடும்.

தொடுவாய் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. வருடத்தில் பல மாதம் அது மூடியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க, களப்பு நிரம்பி, மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். அந்த வாய்தான் தொடுவாய். அது திறந்திருக்கிற சில வாரங்களில்தான் அடுத்த வருடத்துச் சோறு தீர்மானமாகிறது.

இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் களப்பில் முட்டையிடாது, கடலில்தான் இடும், அதுவும் இலட்சக்கணக்கில். முட்டை பொரித்து இரண்டு மூன்று கிழமைக்குள் நூல் துண்டளவு குஞ்சாகி, பொங்கு நீரோடு தொடுவாய்க்குள் ஏறும். உவரும் நன்னீரும் கலந்த அந்தச் சேற்றில் மூன்று நான்கு மாதம் தின்று வளரும். பிறகு முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். மணலை, கொய், பாலைமீன் போன்றவையும் ஏறக்குறைய இதே வழிதான்.

சரி, இப்போது மழை மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மழை பிந்தினால் குஞ்சு கடலில் தயாராக நிற்கும்போது வாய் மூடியிருக்கும். இரண்டு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரு தாழமுக்கத்தில் நான்கு நாளில் கொட்டினால் வாய் பெரிதாக உடையும், களப்பு ஒரேயடியாக வடியும், பின்னால் தண்ணீர் வரத்து இல்லாததால் மணல் சீக்கிரம் மூடிவிடும். உள்ளே போன குஞ்சு கொஞ்சம், நிற்கிற தண்ணீரும் கொஞ்சம். 2016–17 வரட்சி போல மழையே பொய்த்தால் வாய் ஒழுங்காகத் திறப்பதே இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் வருகிற வைகாசியில் களப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தாலே முந்திய மாரி எப்படி இருந்தது என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

மனிதக் கை வந்து சேர்கிற இடமும் இதுதான். வாயிலேயே குறுக்காக வலை கட்டி, உள்ளே ஏறுகிற குஞ்சையும் வெளியே போகிற தாயையும் பிடித்தால் காலநிலை நல்லபடி இருந்தும் பயனில்லை. தொடுவாயில் வலை போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து. வறுமை என்று சொல்லிச் செய்தாலும் அது அடுத்த வீட்டுக்காரனின் சோற்றில் கைவைப்பது.

அப்படியென்றால் இயந்திரம் கொண்டு வாயை வெட்டிவிட்டால் போகிறதே?

வெட்டுவது உண்டு. ஆனால் எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. களப்போரத்து வயல்காரருக்கு வெள்ளம் ஏறுமுன் வெட்ட வேண்டும். கடற்றொழிலாளிக்குக் களப்பு நன்றாக நிரம்பி, தண்ணீரின் வேகம் வாயைத் தானே அகலப்படுத்துகிற வரை பொறுக்க வேண்டும். முந்தி வெட்டினால் வயல் தப்பும், ஆனால் களப்பு அரைகுறையாக வடிந்து உப்பேறும். பிந்தினால் இறால் தப்பும், பயிர் தாழும். இரண்டு பேரும் ஒரே ஊர், பல வேளைகளில் ஒரே குடும்பம்.

இதற்கு ஒரே மருந்து, மழை தொடங்குவதற்கு முன்பே கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் பிரதேச செயலாளர் முன்னிலையில் உட்கார்ந்து, நீர்மட்டம் எந்த அடையாளத்தைத் தொட்டால் வெட்டுவது என்று முடிவு செய்து ஒரு கல்லில் குறித்து வைப்பது. வெள்ளம் வந்த பிறகு அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, யாருடைய குரல் பெரிதோ அவர் பக்கம் முடிவு போகிறது இப்போதைய வழக்கம். அது மாற வேண்டும்.

பாலங்களையும் மறக்கக் கூடாது. வட்டுவாகலில் இருக்கிற தாழ்ந்த பழைய பாலத்தின் மேலால் மாரியில் தண்ணீர் பாயும். 2025இல் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புதுப் பாலம் வாகனத்துக்கு மட்டும் வசதியாக அமையாமல், அடியில் தண்ணீரும் குஞ்சும் தாராளமாகப் போய்வர இடம் விட்டு அமைய வேண்டும் என்று சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

வயலுக்கும் குளத்துக்கும் கடலோடு என்ன சம்பந்தம்?

கனகராயன் ஆறு இரணைமடுவில் தங்கி, மிஞ்சியது சுண்டிக்குளம் பக்கம் போகிறது. பேராறு முத்தையன்கட்டில் தங்கி, மிஞ்சியது நந்திக்கடலுக்கு வருகிறது. குளத்தில் தேக்குவது வயலுக்காக. அதைக் குறை சொல்ல முடியாது, வன்னியின் வாழ்வே குளம்தான். ஆனால் நல்ல மழை வருடத்தில்கூடக் களப்புக்கு வருகிற நன்னீர் குளம் நிரம்பிய பின் வழிகிறதுதான். வரட்சியில் அதுவும் இல்லை.

வருகிற தண்ணீர் வெறும் தண்ணீராக வருவதுமில்லை. யூரியாவும் களைநாசினியும் கலந்து வருகிறது. உரச்சத்து பாசியைப் பெருக்கும், பாசி இரவில் ஒட்சிசனைத் தின்னும், மேலே சொன்ன மீன்சாவு அங்கேதான் தொடங்குகிறது.

சூறாவளிகள் கூடிவிட்டனவா?

வன்னி சூறாவளியைப் புதிதாகப் பார்க்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் பக்கத்தையும் அடித்துக்கொண்டுதான் போனது. 2008 நவம்பரில் நிஷா, போருக்குள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ் இருந்த சனத்தை வெள்ளத்தில் தள்ளியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா நாடு முழுவதையும் உலுக்கியது.

கடல் சூடாக இருந்தால் புயலுக்குப் பலம் அதிகம், அது கொட்டுகிற மழையும் அதிகம். எண்ணிக்கையைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும். படகையும் வாடியையும் இழக்கிற குடும்பம் அடுத்த வருடம் கடன்காரனுக்காகவே கடலுக்குப் போகிறது. அப்படிப் போகிறவரிடம் கண்ணறை சிறிய வலையைப் பயன்படுத்தாதே என்று சொல்வது கடினம்.

2004 சுனாமியும் காலநிலை மாற்றத்தால் வந்ததா?

இல்லை. அது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால் வந்தது. காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்திய இழுவைப் படகுகளால் வரும் சேதம் எவ்வளவு?

மேற்குக் கரையில் அதுதான் முதல் பிரச்சினை. வாரத்தில் மூன்று இரவுகள் பாக்கு நீரிணைக்குள் வந்து, கனமான இழுவைமடியைக் கடலடியோடு இழுத்துப் போகிறார்கள். அடியில் உள்ள கடற்புல், சங்கு, கடலட்டை, நண்டுக்குஞ்சு எல்லாம் மடிக்குள் போகும். எங்கள் ஆட்கள் மாலையில் விரித்துவிட்டு வருகிற நண்டு வலை காலையில் கந்தலாகக் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்குப் பயந்து அந்த இரவுகளில் கடலுக்கே போகாமல் இருப்பவர்கள் ஏராளம். கிழக்கே முல்லைத்தீவுக் கடலிலும் அவர்கள் தென்படுகிறார்கள்.

சட்டம் இருக்கிறது. 1974, 1976 உடன்படிக்கைகள் எல்லையைப் பிரித்தன. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவைமடித் தொழிலையே தடைசெய்தது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த திருத்தம் அது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் எங்கள் கரை மூச்சு விடும், ஜூன் நடுப்பகுதியில் மறுபடி தொடங்கும். 2017இல் இந்தியாவும் தமிழ்நாடும் பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றுகிறோம் என்று திட்டம் போட்டன. இலக்கின் சிறு பங்கைத்தான் எட்டினார்கள்.

அக்கரையில் இருப்பவர்களும் எங்கள் மொழி பேசுகிற தொழிலாளர்கள். போர்க்காலத்தில் எங்களை ஏற்றுக்கொண்ட கரை அது. அந்த நன்றி எப்போதும் இருக்கும். ஆனால் இழுவைமடியை நிறுத்தச் சொல்வது நன்றி மறப்பதாகாது. கூலிக்கு வந்த தொழிலாளியைப் பிடித்துச் சிறையில் போட்டு, படகு முதலாளி கரையில் இருந்தால் எதுவும் மாறாது. மடி மாற வேண்டும், ஆளைப் பிடிப்பது மட்டும் போதாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சூடேறுகிற கடலில் மீனுக்கு ஒதுங்க இடம் தேவை. கடற்புல் அப்படியான இடம். அதை வாரத்துக்கு மூன்று முறை உழுதால், மீன் சூட்டைத் தாங்குகிற வாய்ப்பையும் சேர்த்து உழுகிறோம்.

எங்கள் ஆட்களே செய்கிற சட்டவிரோதத் தொழிலைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டும். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை), டைனமைட், அனுமதியில்லாத சுருக்குவலை, இரவில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, எல்லாம் நடக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்களும் செய்கிறார்கள், உள்ளூர்க்காரரும் செய்கிறார்கள். 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவில் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கியது இந்த வெளிச்சத் தொழிலுக்கும் சட்டவிரோத வலைகளுக்கும் எதிராகத்தான்.

கரைவலை மடியைக் கரையில் அவிழ்க்கும்போது கிட்ட நின்று பாருங்கள். நல்ல மடியென்றால் சூடையும் கீரியும் கையளவு நீளத்தில் பளபளவென்று துள்ளும், இடையில் இரண்டு பாரை, ஒரு திருக்கை. கண்ணறை சிறுத்த மடியில் விரல் நகமளவு காரல், கண்ணாடி போல உடம்பு தெரிகிற குஞ்சு நெத்தலி, இன்னும் செதில் முளைக்காத விளைமீன். பெரியதைக் கூடையில் போட்ட பிறகு மிச்சத்தை மணலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், காகம் கொத்தும். கோழித்தீனுக்குப் போனாலும் கிலோவுக்குச் சில்லறைதான் கிடைக்கும். ஆறு மாதம் விட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு அரிசி வாங்கியிருக்கும்.

உழவு இயந்திரத்தில் வின்ஞ் பூட்டிக் கரைவலை இழுப்பதும் இந்த வகைதான். முன்பு இருபது முப்பது பேர் இழுத்தார்கள், அத்தனை வீட்டுக்கும் பங்கு போனது. இப்போது நான்கு பேர் போதும். ஆள் இழுத்தால் களைத்துப்போய் நிறுத்துவார்கள், இயந்திரம் களைப்பதில்லை, ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் வளைக்கும். கரைவலை முதலாளிகளான சம்மாட்டிமார் ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் எத்தனை வளைப்பு என்று சங்கம் எல்லை வைக்கட்டும்.

கடலட்டைப் பண்ணை நல்லதா, கெட்டதா?

யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பதைப் பொறுத்தது. அட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கடலில் தானாக வளர்ந்த அட்டையை அள்ளி அள்ளி முடித்துவிட்ட நிலையில், குஞ்சு விட்டு வளர்ப்பது தப்பான யோசனை அல்ல. ஆனால் 2022இல் கிராஞ்சி மக்கள் மாதக்கணக்கில் ஏன் போராடினார்கள் என்று கேளுங்கள். பண்ணைக் கம்பு நட்ட இடம், பெண்கள் கரையோடு நடந்து நண்டும் இறாலும் மட்டியும் பிடித்த இடம். படகு இல்லாத குடும்பத்துக்கு அந்த முழங்கால் ஆழக் கடல்தான் வயல். அதை வேலி போட்டு அடைத்தால் ஏற்கெனவே இல்லாதவரிடமிருந்து இன்னும் பிடுங்குவதாகும். சூடான, ஆழமற்ற தண்ணீரை வலையால் மறித்து நீரோட்டத்தைக் குறைத்தால் அட்டைக்கே ஆபத்து என்பதையும் முதலீட்டாளர்கள் யோசிக்க வேண்டும். ஊர்ச் சங்கத்தின் சம்மதமில்லாமல் ஒரு கம்பும் நடக்கூடாது.

கண்டல் நட்டால் போதுமா?

சரியான இடத்தில் நட்டால் நல்லது. கண்டல், கண்ணா, தில்லை போன்ற உவர்நீர்க் கரை மரங்கள் இறால்குஞ்சுக்கு நிழலும் தீனியும் கொடுக்கும், அலையையும் தடுக்கும். ஆனால் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டதில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. படம் எடுக்க வசதியான இடத்தில் நட்டார்கள். தண்ணீர் ஏறி இறங்குகிற இடம் பார்க்கவில்லை. இருக்கிற கண்டலை வெட்டாமல், தண்ணீர்ப் போக்கை மறிக்காமல் விட்டாலே விதை மிதந்து வந்து தானே முளைக்கும்.

நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடம் ஆகிவிட்டனவே?

ஆம், 2017இல் வர்த்தமானியில் வந்தது. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்கா ஆனது. பறவைக்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு வேண்டும், மறுப்பில்லை. ஆனால் தலைமுறையாகத் தொழில் செய்கிறவரைக் கேளாமல் எல்லைக்கல் நட்டால், அவர் அந்தக் கல்லைக் காணி பறிக்கிற கல்லாகத்தான் பார்ப்பார். காணியை மீட்க மக்கள் வருடக்கணக்கில் வீதியில் போராடிய கேப்பாப்புலவு நந்திக்கடல் கரையில்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கு முதல் காவலாளி அங்கே தொழில் செய்கிறவர்தான்.

செலவும் கூடிவிட்டதே?

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் படகு ஓடுவது மண்ணெண்ணெயில். மீன் தூரத்துக்கும் ஆழத்துக்கும் போய்விட்ட நேரத்தில் எரிபொருளும் ஏறியது. எண்ணெய்க் காசுக்காவது மீன் வேண்டும் என்று நினைக்கிற தொழிலாளி கரைக்குக் கிட்டவே, களப்புக்குள்ளேயே வலை போடுகிறார். குஞ்சின் மேல் விழுகிற சுமை அப்படியும் கூடுகிறது.

கருவாடு போடுகிற பெண்களுக்கு என்ன பாதிப்பு?

மழை எந்த மாதம் வரும் என்று தெரியாததுதான். உப்புப் போட்டு வெயிலில் விரித்த மீன் இரண்டு நாள் நனைந்தால் புழு வைத்துவிடும், முதல் முழுவதும் போகும். நிலத்தில் பாய் விரிப்பதற்குப் பதில் உயர்த்திய பரணும், மேலே இழுத்து மூடக்கூடிய ஒளி புகும் பொலித்தீன் கூரையும் இருந்தால் பெரும்பகுதி தப்பும். உதவி கொடுக்க வருகிற நிறுவனங்களிடம் இன்னொரு படகு கேட்பதைவிட இதைக் கேட்கலாம். படகு ஏற்கெனவே அதிகம்.

எங்கள் சங்கம் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை என்ன?

ஒரு கொப்பி வாங்குங்கள். தொடுவாய் எந்தத் திகதியில் திறந்தது, எந்தத் திகதியில் மூடியது என்று எழுதுங்கள். களப்பில் முதல் இறால்குஞ்சு தெரிந்த நாள், முதல் நல்ல பிடிபாடு வந்த நாள். ஒரு சாதாரண வெப்பமானியால் விடியற்காலையிலும் பின்னேரத்திலும் தண்ணீரின் சூடு. காற்று எந்தப் பக்கம், கடலுக்குப் போக முடியாத நாட்கள் எத்தனை. இழுவைப் படகு அறுத்த வலை என்றால் இடம், நேரம், வலையின் பெறுமதி, முடிந்தால் கைத்தொலைபேசியில் படம். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று இதைப் பொறுப்பாக எழுதும்.

மீன் செத்து ஒதுங்கினால், அழுகுவதற்கு முன் சிலவற்றைச் சுத்தமான பையில் போட்டு ஐஸில் வையுங்கள், அதே இடத்துத் தண்ணீரை ஒரு போத்தலில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள், கடற்றொழில் பரிசோதகருக்கு அன்றைக்கே அறிவியுங்கள். நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் ஆட்கள் வரும்போது கொடுக்க அது இருக்க வேண்டும். செத்து மிதந்த மீனை விற்கவோ கருவாடு போடவோ வேண்டாம்.

கொப்பியின் ஒரு பிரதியைச் சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்திலும் ஒன்றைப் பிரதேச செயலகத்திலும் வருடத்துக்கு ஒருமுறை கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். வாய் வெட்டுகிற கூட்டத்துக்கும், பண்ணை அனுமதிக் கூட்டத்துக்கும், இழப்பீட்டு விசாரணைக்கும் போகும்போது அந்தக் கொப்பியை மேசையில் வையுங்கள்.